தோகர்சன்கள் வாங்கிய பிறக்காத குட்டி

ஐந்நூற்று நாற்பது குரோனர். குதிரை வியாபாரி லாவ்ஸ்ட் புரோகோருக்கு எஸ்கில் தோகர்சன் தரவேண்டியிருந்த கடன் அது. பெர்லே என்ற பெண் குதிரைக்கான பாக்கி. காகிதம் ஒன்றும் கிடையாது. யூட்லாந்தில் குதிரை வாங்கினால் உள்ளங்கையில் அடிப்பதுதான் பத்திரம். மீதியை அடுத்த வருடம் இதே யாலரூப் சந்தையில் தருகிறேன் என்று சொல்லி அடித்துவிட்டால் தந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் குதிரை திரும்பிப் போகும்.

அந்தக் கடனுக்காக முதலில் சட்டையைப் பிடித்தது என்னைத்தான்.

என் பெயர் விலாட்ஸ் தோகர்சன். இன்றைக்கு என் பெயரைக் கதவில் எழுதிக்கொண்டு பதினான்கு லாரிகள் ஹாம்பர்க் வரைக்கும் போய்வருகின்றன. படிப்பு ஏழு வருடம். அதிலும் பாதி நாள் கிழங்கு வயலில். வங்கி மேலாளர் எழுந்து நின்று கை கொடுக்கிறார் என்றால், நான் படித்த பாடத்துக்காக இல்லை. ஆனால் 1957 ஜூன் மாதம் நடந்த அந்தச் சந்தையின்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு பழைய லாரி. ஊருக்கு நான் 'சரளைக்கார விலாட்ஸ்'. எஸ்கிலோ 'மணல்மேட்டு எஸ்கில்'. எங்கள் தூ பகுதியில் தோகர்சன் என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இருக்கிற நிலத்தையோ செய்கிற வேலையையோ சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவோம்.

சந்தையில் அது செல்லாது. அங்கே நான் வெறும் தோகர்சன்.

சேணக் கடைக்காரன் பில் போடப் பெயர் கேட்டான். உரக்கச் சொன்னேன், நான் எதையும் மெதுவாகச் சொல்கிற ஆளில்லை. அடுத்த நொடியில் ஒரு பெரிய கை என் காலரைப் பிடித்தது.

"தூ ஊர் தோகர்சன்தானே? எங்கய்யா என் பணம்?"

திரும்பினால் புரோகோர். சாராயப் பீப்பாய் மாதிரி உடம்பு, தலையில் தொப்பி, கையில் பிரம்பு. குதிரையை விற்றது அவருடைய ஆள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். புரோகோருக்கு மிஞ்சியது பெயர் மட்டும்.

"நான் யாருக்கும் அஞ்சு காசு கடன் வைக்கிறதில்ல. கையை எடுங்க, சட்டை புதுசு."

"எல்லாக் கடன்காரனும் இதையேதான் சொல்றான். தோகர்சன்னு இனிமே எவன் வந்தாலும் ஒரு கோழிகூடக் கடனுக்குத் தரமாட்டேன். இந்தச் சந்தை முழுக்கச் சொல்லிவைக்கிறேன்."

இரண்டாவது லாரியைத் தவணைக்கு எடுக்க அன்று மத்தியானம் ஒருவரைப் பார்ப்பதாக இருந்தேன். அவர் காதில் இது விழுந்தால் என் கதை முடிந்தது. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெர்லே வந்தது. அதன் பின்னால் எஸ்கில்.

"அவரை விடுங்க. அந்தத் தோகர்சன் நான்தான்."

எஸ்கிலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறடிக்கு மேல் உயரம். அதைப் பாதி மறைக்கும் கூன். தினமும் விடியலில் பெர்லேயை வண்டியில் பூட்டி, பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கேன்களை ஏற்றிப் பால்பண்ணையில் சேர்ப்பான். பேச்சே கிடையாது. வாசலில் ஒரு சீட்டி அடிப்பான், அவ்வளவுதான். சந்தைக்கு முந்தைய பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்துபோனது. அவன் படுத்திருந்த மாதங்களில் வேறொருவன் டிராக்டரில் பால் ஏற்றிப்போனான். கூலியும் அவனுக்கே போனது. எஸ்கிலின் கடன் நின்றது இப்படித்தான். கால் கூடியதும் மறுபடி வண்டி ஏறினான். பால்பண்ணைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: குதிரை இருக்கும்வரை வேலை உனக்கு, குதிரை இல்லையென்றால் டிராக்டர்க்காரனுக்கு.

"எவ்வளவு கொண்டுவந்திருக்க?" என்று கேட்டார் புரோகோர்.

"நூத்தி அறுபது."

"மீதி?"

எஸ்கில் பெர்லேயின் கழுத்தைத் தடவினான். குதிரை சினையாக இருந்தது; வயிறே சொன்னது.

"மீதி இல்லைங்க. கை அடிச்ச வாக்கு வாக்குதான். அதான் ஓட்டிட்டு வந்தேன்."

புரோகோர் கெட்டவர் இல்லை. பிரம்பால் தன் பூட்ஸைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் குதிரையைப் பார்த்தார். "நான் சாப்பிடப் போறேன். வறுத்த விலாங்கு மீன். தட்டைச் சுத்தி முள்ளு வளையம் முடிஞ்சதும் எழுந்திருப்பேன். அதுக்குள்ள பணம் வந்தா குதிரை உன்னுது. வரலைன்னா என் லாரியில ஏறும்." கூடாரத்துக்குள் போய்விட்டார்.

விலாங்கு சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியும். தின்ற துண்டின் முள்ளைத் தட்டின் விளிம்பில் வைக்கவேண்டும்; விளிம்பைச் சுற்றிவரும் முள் வரிசையின் ஒரு முனை மறு முனையைத் தொடுவதற்கு முன் எழுந்தால் மரியாதை இல்லை. நல்ல தீனிக்காரனுக்கு அது பெரிய நேரமும் இல்லை.

"எஸ்கில், முன்னூத்தி எண்பதுதானே வேணும்? வா, கேக்கலாம்," என்றேன்.

"யார்கிட்ட?"

"தோகர்சன்கள்கிட்ட! நம்ம பேரைத்தானே அந்த ஆள் நாறடிக்கிறான்?"

"நான் பிச்சை எடுக்க வரல, விலாட்ஸ்." கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். குதிரையை ஒப்படைக்கிறவன் செய்கிற வேலை அது.

அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எந்தப் பட்டதாரிக்கும் அது தோன்றியிருக்காது.

"பிச்சை யார் கேட்டா? விக்கிறோம். வயித்துல இருக்கிற குட்டியை விக்கிறோம். ஆளுக்கொரு பங்கு. அடுத்த வருஷம் இதே சந்தையில குட்டியை வித்து அவங்கவங்க பங்கைக் கொடு. என் பங்கு எண்பது. இந்தா, நீட்டு கையை!"

எஸ்கில் என்னைப் பார்த்தான், குதிரையைப் பார்த்தான். பிறகு அந்த மண்வெட்டிக் கை நீண்டது. அடித்தேன். டயருக்கு வைத்திருந்த பணம் அது.

ஒரு பீர்ப் பெட்டிமேல் ஏறி நின்றேன். என் குரலைப் பற்றி இன்றும் ஊரில் பேசுவார்கள்.

"தோகர்சன்கள் எல்லாரும் இங்க வாங்க! தோகர்சன்கள்! இன்னும் பிறக்காத ஒரு தோகர்சன் விலைக்கு வருது!"

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் வெஸ்டர்விக் தேவாலயத்தில் குழி வெட்டும் பாலே தோகர்சன். பல் இரண்டுதான், பேச்சுக்குக் குறைவில்லை.

"எல்லாரும் நம்ம தோகரோட பிள்ளைங்கதான்டா! அந்தக் காலத்துல சாமியாரா வந்து, மரக்கிளையை நட்டுக் கோயில் கட்டினாரே, அவரு நம்ம ஊர் மண்ணுலதான் கிடக்கிறாரு. அவர் பேரைப் பிள்ளைக்கு வெச்சாங்க. தோகர் பிள்ளை தோகர்சன், தோகர் பொண்ணு தோகர்ஸ்தாத்தர். அப்புறம் ராஜாங்கத்துல உத்தரவு வந்துச்சு: தலைமுறைக்குத் தலைமுறை பேரை மாத்தாதீங்க, இருக்கிறதையே பிடிச்சுக்கங்கன்னு. அப்ப யார் யார் அப்பன் தோகரோ அவங்க குடும்பம் அப்படியே நின்னுபோச்சு. இருபது எழுதிக்க!"

"சாமியாருக்குப் பிள்ளைங்களா தாத்தா?" என்று யாரோ கேட்டான்.

"பேருலடா, பேருல! உன் புத்தி எங்க போகுது பாரு!"

மோர்ஸ் தீவிலிருந்து மாடு வாங்க வந்த யெப்பே, ஊவே என்ற அண்ணன் தம்பி வந்தார்கள்.

"எங்க தீவுல கல்லை எறிஞ்சா ஒரு தோகர்சன் தலையிலதான் விழும். ஆளுக்கு அம்பது," என்றான் யெப்பே.

"என் அம்பதையும் நீயே சொல்றியா?" என்றான் தம்பி.

"போன வருஷம் என் பன்னியை நீயே வித்தியே, அதுக்கு இது."

சாலிங்கிலிருந்து வந்த ஒரு மீனவன் ஐம்பது குரோனர் நோட்டை நீட்டினான், கை அடித்தான், போய்விட்டான். காபிக் கூடாரத்திலிருந்து தாக்னி என்ற அம்மாள், மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தார்.

"கல்யாணம் ஆகி நான் இப்ப வேற பேரு. பேருதான் போச்சு, ரத்தம் போகலையே! இந்தா அம்பது. குட்டி பொண்ணாப் பிறந்தா என் பேரை வை."

"உன் பேரை வெச்சா அது எவனையும் ஏத்திக்காதே அக்கா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அப்புறம் பாருங்கள், கட்டம்போட்ட கோட்டுப் போட்ட ஒருவர் கூட்டத்தை நெரித்துக்கொண்டு முன்னால் வந்தார். அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் சோளம் பயிரிடுகிறவர். அவர் தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவராம். பேச்சு எங்கள் பாட்டன்கள் பேசிய பழைய பேச்சு.

"அங்க எங்க பேரை வாயில நுழையிற மாதிரி வெட்டிட்டாங்க. எழுத்து வேற, ஆனா நானும் தோகர்சன்தான்! ரெண்டு வாரமா இந்த நாட்டுல ஒருத்தரும் என்னைச் சொந்தக்காரன்னு கூப்பிடல!" கண்ணெல்லாம் ஈரம். பத்து டாலரை நீட்டினார்.

டாலரைப் புரோகோர் தொடமாட்டார். நான் அதை வாங்கிக்கொண்டு, என் பையிலிருந்து எழுபது குரோனரை வைத்தேன். அத்தோடு என் பை காலி.

பெயர் என்பது எப்படிப் பரவியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். தூவிலும் மோர்ஸிலும் கூப்பிட்டால் கும்பலாக வரும், சாலிங்கில் கொஞ்சம், தெற்கே போகப் போக மெலியும், கோபன்ஹேகனில் தேடித்தான் பிடிக்கவேண்டும், பிறகு திடீரென்று கடல் தாண்டி ஒரு சோளக்காட்டில் முளைத்து நிற்கும். இன்றும் அப்படித்தான். என் ஓட்டுநர்கள் எந்த நகரத்தில் சரக்கு இறக்கினாலும் லாரிக் கதவைப் பார்த்துவிட்டு எவனாவது ஒருவன் வந்து, நானும் தோகர்சன்தான் என்கிறான். காபி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். செலவு என்னுடையது.

எஸ்கில் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்தப் பால் வண்டியை ஓட்டினான். பிறகு டேங்கர் வந்ததும் என்னிடம் வேலைக்குச் சேர்ந்து, எண்பத்திரண்டு வயதில் தன் கட்டிலில் நிம்மதியாகச் செத்தான். குட்டி ஆணாகப் பிறந்தது. அடுத்த சந்தையில் நல்ல விலைக்குப் போனது. பங்குக்காரர்கள் எல்லாருக்கும் லாபம்; பெரிய பங்கு என்னுடையது, பெரிய லாபமும் எனக்குத்தான். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதே. கையில் இருந்தது ஐந்நூற்று முப்பது. பத்துக் குறைந்தது.

யெப்பே கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "ரெண்டு முள்ளு வெக்கிற இடம்தான் பாக்கி!"

"யாராவது? பத்துதான்! பத்து!" என் தொண்டை கிழிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒல்சன்களும் கிறிஸ்டென்சன்களும். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். ஆனால் எஸ்கில் தலையை ஆட்டினான். "பங்கு தோகர்சனுக்குத்தான்னு சொல்லி வித்திருக்கோம். நடுவுல மாத்தக் கூடாது." கடன்பட்டு நிற்கிறபோதும் அப்படி ஒரு பிடிவாதம்!

அப்போது தாக்னி அம்மாள், ஓரமாக நழுவிக்கொண்டிருந்த ஓர் உயர்ந்த தொப்பியைக் கை காட்டினார். "அவனைப் பிடிங்க! ஆர்ஹூஸ் மளிகை வியாபாரி. எங்க தெருவுலதான் வளர்ந்தான்."

"அம்மா, என் பெயர் தோர்லுன்ட்," என்றார் அவர் கௌரவமாக.

"காசு கட்டி மாத்தின பேரு! பள்ளிக்கூடத்துல மூக்கு ஒழுகிட்டு நின்னப்ப நீ என்ன பேரு?"

"சட்டப்படி இப்போது..."

"சட்டத்தை விடு. உங்க அப்பா கல்லறையில என்ன எழுதியிருக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல. பிறகு எஸ்கிலிடம் வந்தார். "பங்குதானே விக்கிறீங்க? தர்மம் இல்லையே?"

"பங்குதான்," என்றான் எஸ்கில்.

பத்து குரோனர் நோட்டு வந்தது. கை அடித்த சத்தம் அடுத்த வரிசைக் குதிரைகளைத் திரும்பவைத்தது. அமெரிக்காக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

ஓடினோம். எல்லாரும் ஓடினோம்; குழி வெட்டுகிற பாலேகூட. எஸ்கில் ஒடிந்து கூடிய காலை இழுத்துக்கொண்டு முன்னால் போனான். வறுத்த வெண்ணெய் வாசனைக்குள் நுழைந்தபோது புரோகோர் கடைசித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாயிலிருந்து முள்ளை எடுத்து விரலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இத்தனை பேரும் யாரு?"

"தோகர்சன்கள்," என்றேன்.

"கடவுளே!"

நான் எண்ணித்தரக் கை நீட்டினேன். எஸ்கில் என்னை மெதுவாகத் தள்ளிவிட்டான். "என் வாக்கு. நானே எண்ணுறேன்."

புரோகோர் முள்ளை மேஜைத் துணிமேல் போட்டுவிட்டு, கையைத் துடைத்து, விரித்து நீட்டினார். எஸ்கில் வாய்விட்டு எண்ணினான்; அவன் அத்தனை சொற்களை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நூறு, நூற்றி அறுபது, அது அவன் சொந்தப் பணம். பிறகு மற்ற நோட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, மாவு ஒட்டியது, மீன் நாறியது, எல்லாம். கடைசியாகப் பத்து குரோனர் நோட்டை நீவி மடிப்பெடுத்து, அந்த விரிந்த உள்ளங்கையின் நடுவில் வைத்தான்.