தர்சிம் அண்ணன் தலையாட்டிய காலை

இந்தோனேசியாவில், கரவாங்கின் கடைசி வயலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சிகாரங் தொழிற்சாலைக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். தர்சிம் அண்ணன் தினமும் பைக்கில் போய்த் திரும்புகிறார். முன்பு ஆலைக்குப் பக்கத்திலேயே வாடகை அறையில் இருந்தவர்தான். மகள் லிலிஸ் நர்சிங் சேர்ந்ததும் அறையைக் காலி செய்துவிட்டார். அந்த வாடகைதான் இப்போது அவள் கட்டணம். இன்னும் ஒரு பருவம் பாக்கி.

நானும் அதே ஆலையில்தான், தரம் பார்க்கும் பிரிவில். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. பெட்ரோலுக்குப் பாதி கொடுத்து அவர் பின்னால் உட்காருவேன். நெஞ்சில் காற்று ஏறினால் படுத்துவிடுவோம் என்று எங்கள் பக்கத்தில் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டித்தான் வண்டி ஓட்டுவார்கள். விடியுமுன் அவர் முதுகில் ஜிப்பை இழுத்துவிடுவது என் வேலை.

அன்று வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்துக்கு அடியில் பைக்குகள் குவிந்து நின்றன.

"கொஞ்சம் நின்னு போலாமேண்ணே."

"ஏழு மணிக்கு மேல ஒரு நாள் லேட்டானா வருகைக்கான மாசப்படி மொத்தமும் போச்சு. பட்டதாரிக்கு இது கூடவா தெரியாது? உள்ள பூந்துக்க."

அவருடைய மழைக்கோட்டின் பின்பாதிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே இருந்தால் காலடியில் ஓடும் தார் ஒன்றுதான் தெரியும். பல நாளாக மனதில் இருந்ததை அங்கேதான் கேட்டேன்.

"அண்ணே, ரெண்டு பேரும் சேந்து ஆலைப் பக்கம் ரூம் எடுப்பமா? முக்கால் வாடகை நான் தரேன். இப்படியே போனா உங்க உடம்பு தாங்காது."

அவர் ஹெல்மெட் பின்னால் வந்து என் ஹெல்மெட்டில் இடித்தது. தலையாட்டுகிறார்!

"அப்ப நாளைக்கே பாத்துரலாமா?"

மறுபடியும் இடித்தது. இரண்டு வருஷமாக யார் சொல்லியும் கேட்காத மனுஷன். படித்தவன் சொன்னால் எடுபடுகிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் காலடியில் வெள்ளைக் கோடு குறுக்கே போனது. லாரி ஹாரன் காதைக் கிழித்தது. அவர் முதுகில் ஓங்கி அறைந்தேன். வண்டி தள்ளாடி ஓரத்து மண்ணில் போய் நின்றது.

மழைக்கோட்டை விலக்கித் தலையை வெளியே எடுத்தேன்.

"ஏதோ கேட்டியே, என்னது?" என்றார்.

திரும்பவும் சொன்னேன்.

"முக்கால் நீ குடுத்தாலும் மிச்சம் கால் இருக்குல்ல? அவ பரீட்சை முடியட்டும்டா." தூக்கம் போகக் கண்களை அழுத்தித் தேய்த்தார். பிறகு, யாரையும் தொடவிடாத அந்த வண்டியின் சாவியை என் கையில் வைத்தார். "மெதுவா ஓட்டு. லேட்டானா ஆகட்டும்."

என் ஜாக்கெட்டைக் கழற்றி முன்பின்னாக மாட்டிவிட்டார். ஜிப் கழுத்துவரை ஏறியது. முதல் திருப்பம் வருவதற்குள் அவர் தலை என் முதுகில் சாய்ந்துவிட்டது. ஆலை வாசலை அடைந்தபோது ஏழு இருபது.