மலிவான மஞ்சள் நூல்

பிறக்காத பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். தங்கைக்கு ஏழு மாதம் நடக்கும்போது நான் கைபேசியில் பார்த்துக் குரோஷே பின்னல் பழகத் தொடங்கினேன். யாருக்கு என்று அம்மா கேட்டார். தொலைக்காட்சிக்கு ஒரு விரிப்பு என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

கிளிநொச்சிக் கடையில் இரண்டு வகை நூல் இருந்தது. பருத்தி நூலின் விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். பழகுகிறவள் பத்துத் தரம் பின்னிப் பத்துத் தரம் அவிழ்ப்பாள், அதற்கு எதற்கு நல்ல நூல்? மலிவான மஞ்சள் நூலை விரல்களுக்கிடையே உரசிப் பார்த்தேன். பஞ்சு மாதிரித்தான் இருந்தது. எனக்குச் சாமான் பார்த்து வாங்கத் தெரியும் என்ற பெருமை வேறு.

பிள்ளைக்கான தொப்பி முடிந்த அன்றே அம்மா கண்டுவிட்டார். தொலைக்காட்சி விரிப்பு தோடம்பழ அளவில் இருக்காதே. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. மூன்றாம் நாள், எட்டு மாதத்திலேயே, தங்கைக்கு வலி வந்துவிட்டது.

எனக்கு இந்தச் சாத்திரங்கள் ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆசுபத்திரி விறாந்தையில் அன்று காலை முழுக்க நம்பினேன். என் கையால்தான் வந்தது. அம்மா பக்கத்திலேயே இருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஒரு தாதி வெளியே வந்தார். ஆண்பிள்ளை, நிறை குறைவு, தலையைச் சூடாக வைத்திருக்க வேண்டும், சின்னத் தொப்பி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். வழியில் எறிந்துவிடலாம் என்று கைப்பைக்குள் வைத்திருந்த மஞ்சள் தொப்பியை நீட்டினேன். அவர் அதை வாங்கி என் கழுத்தில் வைத்துத் தேய்த்தார். வைக்கோல் பட்டதுபோல் கடித்தது.

“கையால பாத்தோ வாங்கினனீங்கள், அக்கா?”

ஓம் என்றேன். அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உருத்திரபுரத்து வயலில் களை பிடுங்கி, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கைக்குச் சாக்கும் பட்டும் ஒன்றுதான். நூல் வாங்கும்போது இது என் மூளைக்கு எட்டவில்லை. இப்போதைக்குத் துணியால் சுற்றுவதாகவும், பின்னேரத்துக்குள் பருத்தியில் ஒன்று வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். “போய் நல்ல நூலா வாங்கிக்கொண்டு வா.”

கடையில் பருத்தி உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் உரசினேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். விலை கேட்காமல் வெள்ளையில் ஒன்றை எடுத்தேன். திரும்பி வந்து விறாந்தையில் இருந்து பின்னத் தொடங்கினேன். எண்ணிக்கை தப்பி மூன்று தரம் அவிழ்த்தேன். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் ஊசி நின்றது. அம்மா நூலுருண்டையை மடியில் வைத்து, எனக்கு வேண்டிய அளவுக்கு இழுத்து இழுத்துத் தந்தார்.

தொப்பி உள்ளே போய் வெகுநேரத்தின் பின் செய்தி வந்தது. பிள்ளை தானாக மூச்சு விடுகிறான், பயமில்லை. எனக்கோ இன்னும் மூச்சு வரவில்லை. என்னால்தானே அம்மா என்று கேட்டேவிட்டேன்.

அம்மா மிச்ச நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “நீயும் எட்டு மாசத்தில பிறந்த பிள்ளைதான். உனக்கு ஒருத்தரும் ஒண்டும் பின்னேல்லை.”