காய்ச்சலை மறைத்த டார்ச் அக்கா

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு டார்ச் அக்கா என்றுதான் பெயர். வைரஸைக் கண்டுகொண்டால் ஒளிரும்படி மாற்றிய செல்களைத் தட்டில் வளர்ப்பாள். எது மின்னுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று இருட்டறையில் உட்கார்ந்து பார்ப்பாள். அதுவே பிழைப்பு.

"வைரஸ் வந்திருக்குன்னு செல்லுக்கு எப்படிக்கா தெரியுது?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் போதும், குஷியாகிவிடுவாள்.

"நம்ம ஆர்.என்.ஏ. இழை நுனியில ஒரு மூடி இருக்கும். பல வைரஸோட இழை மொட்டையா வரும். செல்லுக்குள்ள காவல் இருக்கிற புரதம் அந்த மொட்டை நுனியைக் கப்புன்னு பிடிச்சு ஊரையே கூட்டிடும். காய்ச்சல்கூட அந்தக் கூச்சல்ல ஒரு பங்குதான். மாத்திரை போட்டா கூச்சல் அடங்கும். வைரஸ் எங்கயும் போயிடாது."

இவ்வளவும் பேசத் தெரிந்தவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று இவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மருத்துவமனை வாசலில் நெற்றிச் சூடு பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆசை கண்ணை மறைத்தது. மாத்திரையை விழுங்கினாள், வியர்த்தது, வாசல் கருவி பச்சை காட்டியது. "பெரியம்மா வந்துட்டேன்டி தங்கம்" என்று குழந்தையை வாரி எடுத்துக் கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள்.

சில நாளில் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. மூக்கில் குழாய் சொருகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள்.

"எல்லாம் அந்தம்மா இருமிக்கிட்டே வந்து தூக்கினதாலதான்க்கா. இனி என் பிள்ளை பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்று தங்கை தன் மாமியாரைக் கரித்துக்கொட்டினாள். மாமியாருக்கு வருஷம் முழுக்க இருக்கும் தூசி இருமல் அது. டார்ச் அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், பாவி, தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் அவளைத் தின்றது. தட்டில் செல்கள் மின்னும்போதெல்லாம் அழுகை முட்டியது. மருத்துவமனைக்குப் போனால், மாடிப்படியடியில் வாயைத் துணியால் மூடிக்கொண்டு அந்த மாமியார், "பிள்ளை கண்ணு முழிச்சுதாம்மா?" என்று கேட்பாள். இவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

ஒருவழியாகக் குழந்தை தேறிப் பெட்டியை விட்டு வெளியே வந்தது.

"உன்னைத் தவிர யார்கிட்டயும் குடுக்கமாட்டேன்க்கா. இந்தா" என்று தங்கை குழந்தையை நீட்டினாள்.

அவளுக்குக் கை எழவில்லை.

"உன் மாமியார் இல்லடி. நான்தான். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டு மறைச்சுட்டு வந்தேன்."

தங்கை நீட்டிய குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"போகும்போது கீழ அத்தை உக்காந்திருப்பாங்க. மேல வரச் சொல்லு."