கிணற்றுக்கு மேற்கே நின்ற கேரவன்

சினிமாப் படப்பிடிப்புகளில் நடிகர்கள் ஓய்வெடுக்க நிற்கும் கேரவன் ஒன்றில்தான் இப்போது எங்கள் குடித்தனம். என் கணவர் பல வருடங்கள் அந்த வண்டியை ஓட்டியவர். பழசாகிவிட்டது என்று முதலாளி கழித்துவிட்டபோது அவரே வாங்கிக்கொண்டார். அப்போது நாங்கள் மதுரை திருநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை.

மாமியார் இறந்த பிறகு, செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் மாமனார் தனியாகிவிட்டார். நான் அவர்கள் சாதிப் பெண் இல்லை. என் அம்மா அதே தோட்டத்தில் கூலிக்குக் களை பறித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் என் முகத்தைப் பார்த்ததில்லை. இருந்தாலும் அப்பாவைத் தனியே விட என் கணவருக்கு மனசு வரவில்லை. தோட்டத்து ஓரமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்கப் போனார்.

"வண்டி வச்சிருக்கேல்ல? அதைக் கொண்டாந்து நிப்பாட்டிக்க. வீடுன்னு ஒண்ணு இந்த மண்ணுல எந்திரிக்கக் கூடாது" என்றாராம் மாமனார்.

அந்த ஒரு வார்த்தையில் என் கணவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய அன்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"வண்டி எங்கன நிக்கிது? கெணத்துக்கு மேக்கயா, கெழக்கயா?"

"மேக்கம்மா."

"அங்க மழைக்குத் தண்ணி கட்டும். கல்லைப் போட்டு மேடாக்கச் சொல்லு" என்றாள்.

கேரவனில் இரண்டு அறைகள், இரண்டுக்கும் தனித்தனி வாசல். கதாநாயகனுக்கு ஒன்று, கதாநாயகிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் சுற்றிலும் பல்பு வைத்த பெரிய மேக்கப் கண்ணாடி, நீளமான சோபா, ஓர் ஆள் நுழையும் கக்கூஸ். வீட்டிலிருந்து கரண்ட் இழுக்க மாமனார் விடவில்லை. கூரையில் சோலார் தகடு மாட்டினோம். ஒரு ஃபேனும் இரண்டு லைட்டும்தான் தாங்கும். ஏசி வெறுமனே தொங்கியது. சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து உள்ளே உட்கார முடியாது. வேப்பமரத்தடியில் பாயை விரித்துக் கிடப்போம். எதிரே தென்னைகளுக்கு நடுவில் ஓட்டு வீடு; மாமனார் திண்ணையில் படுத்துக்கொள்வார், மூன்று அறைகளும் பூட்டியே கிடக்கும்.

நான் சமைத்ததை மாமனார் தொடமாட்டார். அதனால் என் கணவர் அந்த வீட்டுக்குப் போய் அவருக்குத் தனியாக ஆக்கிக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து என்னோடு சாப்பிடுவார். இரண்டு இடத்துக்கும் நடந்து நடந்தே அவர் பேச்சுக் குறைந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் டிராவல்ஸ் காரில் கொடைக்கானலுக்குச் சவாரி போயிருந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. வாழைக்குப் பாய்ந்த தண்ணீர் வரப்பை உடைத்துப் பாதைக்கு வந்திருந்தது. மடை மாற்ற ஆளில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், மாமனார் வாய்க்காலில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவரைத் தூக்கிக் கரையில் சாய்த்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். ஆம்புலன்ஸில் போகும்போது, விளங்கிய இடது கையால் என் கையைப் பிடிக்காமல் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பக்கவாதம் என்றார்கள். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவரை எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. ஓட்டு வீட்டில் கக்கூஸ் கிடையாது. என் கணவர் ஒரு கணம் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைத் தூக்கிக்கொண்டு கேரவனின் இன்னொரு வாசலில் ஏறினார்.

"கொஞ்ச நாளைக்கு இங்கன இருங்கப்பா. நடமாட்டம் வந்ததும் வீட்டுக்குப் போயிரலாம்."

சோபாவில் படுக்கவைத்தால் நேர் எதிரே கண்ணாடி. தன் கோணிய வாயையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சேலை ஒன்றை எடுத்துக் கண்ணாடியை மூடினேன்.

என் கணவர் சவாரிக்குப் போனால்தான் அடுப்பெரியும். அதனால் கிளினிக் வேலையை நான் விட்டேன். முதல் நாள் கஞ்சியோடு போனபோது மாமனார் பல்லைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் வாயைத் திறந்தார். அது சம்மதமா, பசியா என்று எனக்குத் தெரியாது. குளிப்பாட்டினேன், மலஜலம் எடுத்தேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவருக்குச் செய்கிறோமே என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வந்தது. நன்றாக இருந்திருந்தால் என் விரல் பட்ட தண்ணீரைக்கூடக் கொட்டியிருப்பார்.

அவரைப் பார்க்க ஒரு நாள் அம்மா வந்தாள். பாதை வழியாக வராமல் வரப்பிலேயே வந்து, கேரவன் படிக்குக் கீழே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

"இங்கனயே நிக்கிறேன்த்தா." பிறகு குரலைத் தாழ்த்தி உள்ளே பார்த்து, "ஐயா, எப்படி இருக்கீக?" என்றாள்.

மாமனார் தலையைத் திருப்பி அவளை வெகுநேரம் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இந்த நோய்க்காரர்களுக்குச் சும்மாவே அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கி இரண்டு தடவை அசைத்தார். அம்மா உடனே நகர்ந்துவிட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

"உன்னைய வரச் சொல்லித்தாம்மா கையக் காட்டுனாரு."

"போகச் சொன்னாரு தாயி. எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா."

"நீ போ. அவருக்குத் தண்ணி கிண்ணி வேணுமோ என்னமோ" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தாள். திரும்பி வந்து மாமனாரிடமே கேட்டேன். "எங்கம்மாவ வான்னீங்களா, போன்னீங்களா மாமா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவர் மூச்சு நின்றது. மதுரையிலிருந்து மதினி, அவருடைய மூத்த மகள், அலறிக்கொண்டு வந்தார். வந்ததும் தம்பியிடம், "அப்பாவ வண்டிக்குள்ள போட்டுவச்சிருக்க? நம்ம வீட்டுல இருந்துதான் தூக்கணும்" என்றார். சேற்றில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் போனேன். வாசலில் கணவரின் அத்தை ஒருவர் என் தோளைத் தொடாமல் வழி மறித்து, "நீ வண்டியிலேயே இரும்மா, கூட்டமா இருக்கு" என்றார். அது கணவர் காதிலும் விழுந்தது. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பாரியைக் கேரவனுக்குள் உட்கார்ந்து கேட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது மதினி படிக்கருகே வந்தார். "இனி யாரு தடுக்கப் போறா? வீட்டுலயே வந்து இருங்க" என்றார். மனதாரச் சொன்னதுதான். பத்து நாட்கள் இருந்து பார்த்தோம். துக்கம் கேட்க வந்த பங்காளிகள் வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். காப்பி வைத்துக் கொடுத்தால், இப்போதுதான் குடித்தோம் என்றார்கள். மறுபடி கேரவனுக்கே வந்துவிட்டோம். கிளினிக்கில் என் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள்.

சவாரி இல்லாத நாட்களில் என் கணவர் அந்த இன்னொரு அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். சோபாவின் உறையைத் துவைக்கக் கேட்டேன், விடவில்லை. அவர் அன்று வாசலில் எனக்காக ஒரு வார்த்தை பேசாததைப் பற்றி இதுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இன்று மத்தியானமும் சுவரைத் தட்டி, "சாப்பிட வாங்க" என்றேன்.

"வாரேன்" என்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் மட்டும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.