மோர்டென்ஸ்ருடில் பொரித்த சாத்தா அந்தாகி

எனக்குப் பத்து வயதிருக்கும். நோர்வேயில், மோர்டென்ஸ்ருடில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஞாயிறு மத்தியானம் தீ எச்சரிக்கை மணி அலறியது. கையில் அகப்பட்ட ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் பனியில் இறங்கி நின்றோம். கடைசியாக வந்தவர் மேல்மாடியில் இருந்த ஒகினாவாக்காரப் பெண். தன் அடுப்பில் எண்ணெய் புகைந்ததால்தான் மணி அடித்தது என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். கையில் ஒரு பெரிய கிண்ணம், அது நிறையப் பொரித்த உருண்டைகள். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை போலும்.

அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"ஐயோ, இது எங்கடை வாய்ப்பன் எல்லோ!"

அதை நான் அவருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். இது சாத்தா அந்தாகி, சாத்தா என்றால் சீனி, அந்தாகி என்றால் எண்ணெயில் பொரித்தது, தங்கள் தீவில் நல்ல காரியங்களுக்குச் செய்வது என்றார். உருண்டைகள் எல்லாம் ஒரு பக்கம் வெடித்திருந்தன. அது சிரிக்கிறதாம்.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் கதவைத் தட்டினார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. குசினி யன்னலை அகலத் திறந்துவிட்டு, உடைந்த நோர்வேஜிய மொழியில் கதைத்தபடி இருவரும் பொரிப்பார்கள். அவர் முட்டை உடைத்து ஊற்ற அம்மா முகத்தைச் சுளிப்பார். அம்மா வாய்ப்பனுக்கு வாழைப்பழம் பிசைய அவர் சுளிப்பார். சாப்பிடும்போது மட்டும் ஒருவர் தட்டில் மற்றவர் கை இருக்கும்.

ஒருநாள் சீனி முடிந்துவிட்டது. அம்மா தமிழ்க்கடையில் வாங்கிய சர்க்கரைக் கட்டியை உடைத்தார். ஒரு துண்டை வாயில் போட்ட ஒகினாவாக்காரர் அப்படியே கதிரையில் அமர்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. தங்கள் ஊரில் கரும்புச்சாறு காய்ச்சிச் செய்யும் கறுப்புச் சீனி இப்படித்தான் இருக்கும் என்றார். கலியாணம் கட்டி இங்கே வந்தபின் அதை அவர் ருசித்ததே இல்லை. அம்மா மிச்சக் கட்டியை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

நான் பல்கலைக்கழகம் போன ஆண்டு, தாயைப் பார்த்துக்கொள்ளவென்று அவர் கணவரோடு ஊருக்கே திரும்பினார். வெளிக்கிடும் அன்று அம்மா ஒரு பை சர்க்கரைக் கட்டியை நீட்டினார்.

"அம்மா, அவையின்ரை ஊரிலை இது நிறைய இருக்குமெல்லோ?"

"இருக்கும். ஆனா அது நான் குடுத்ததா இருக்காது."

போன கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். தொலைபேசியை மேசையில் சாய்த்துவைத்து, அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவான அதே உடைந்த நோர்வேஜிய மொழி. வைத்தியரிடமும் கடையிலும் அம்மாவுக்காகப் பிள்ளைகள் நாங்கள்தான் பேசுகிறோம். அம்மா கூச்சமில்லாமல், வாய் நிறைய அந்த மொழியைப் பேசுவது ஒகினாவாவில் இருக்கும் அந்த ஒருவரிடம்தான். நான் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.