அத்தானிடம் கேட்டுப் பூட்டிய சைலன்சர்

அக்காவின் பிக்கப்பில் பூட்டியிருந்த அந்தப் பளபளக்கும் பெரிய சைலன்சரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கை நுழைகிற அளவுக்கு வாய். ஸ்டார்ட் பண்ணினால் உப்புவெளிச் சந்திவரை கேட்கும். அது முதன்முதலாக ஒழுங்கைக்குள் வந்தபோது மதிலில் இருந்த இளந்தாரிகள் விசிலடித்தார்கள். அக்கா மட்டும், தன் குசினியை யாரோ கேட்காமல் மாற்றிவைத்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

வாடைக்காற்று இறங்குவதற்கு முன் எங்கள் கரையில் வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். ஏற்றாத வள்ளத்தை அலை உடைத்துவிடும். அத்தான் வேலைக்கென்று கட்டாருக்குப் போன பிறகு அக்கா பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினாள். மீன் ஏற்றுவதோடு வள்ளம் இழுக்கிற வேலையும் அவளிடம் வந்து சேர்ந்தது. வண்டி மணலுக்குள் இறங்காது. ஒழுங்கை முடிகிற இறுகிய கிறவல் தரையில் நிற்கும். அங்கிருந்து நீளமான கயிறு வள்ளத்தின் முன்னணியத்துக்குப் போகும். வள்ளத்தின் அடியில் உருளைக் கட்டைகள். இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிற ஆட்கள். வண்டி மெல்ல, மிக மெல்ல, என்ஜினை முறுக்காமலே இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வள்ளம் கட்டையை விட்டுச் சரியும், சரிகிற பக்கத்தில் நிற்பவனின் கால் போய்விடும். அக்கா கிளச்சை விடுகிற நிதானத்தை நம்பித்தான் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

வண்டிக்கு வயதாகி அடியிழுவை குறைந்தபோது கராஜுக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். “எனக்குச் சத்தமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம் பாஸ். முதல் கியரில மெல்லமா எடுக்கேக்க நல்லா இழுக்க வேணும். அவ்வளவுதான்” என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு மனுசி எப்படிச் சொல்வது? கராஜ்கார பாஸ் சிரித்தார். “அண்ணையோட ஒருக்காக் கதைச்சிட்டுச் செய்வம் தங்கச்சி.” அத்தான் அந்த வண்டியில் ஒருநாள்கூட ஏறியதில்லை, போனில் வந்த படத்தில்தான் பார்த்திருந்தார். ஆனாலும் அவரைப் போனில் கூப்பிட்டு, “பாஸ் சொல்றபடி செய்யுங்கோ, பார்வைக்கு வடிவா இருக்கட்டும்” என்று அவர் சொன்ன பிறகுதான் அங்கே ஒரு ஸ்பானர் அசைந்தது. எங்கள் பக்கத்தில் வீடு கட்டினாலும் கிணறு வெட்டினாலும் வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளையிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை. கேட்கட்டும். அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவளிடமும் ஒரு வார்த்தை கேட்டால் வாய் கோணிப்போகுமா? அந்தக் கராஜைக் கடந்துதான் இப்போதும் வேலைக்குப் போகிறேன். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை.

அகலக் குழாயும் பெரிய டயர்களுமாக வண்டி திரும்பி வந்தது. நிலாவெளி வீதியில் விரட்டினால் பறந்தது. மெல்ல எடுத்தால் மூச்சுத் திணறியது. குழாய் அளவுக்கு மிஞ்சி அகன்றால் புகை வெளியேறுகிற வேகம் செத்துப்போகும், சக்கரம் பெருத்தால் முதல் கியரின் பிடி குறைந்துபோகும் என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பழையபடி மாற்றித் தரச் சொல்லி அக்கா போய்க் கேட்டாள். பழைய குழாயை இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்றாம். “ஓடப் பழகினாச் சரிவரும் தங்கச்சி” என்று அனுப்பிவிட்டார்.

காற்று மாறிய அன்று, வள்ளச் சொந்தக்காரர்களில் பெரியவரான சம்மாட்டியாரின் வள்ளம்தான் முதலில். “இந்த வண்டியால இப்ப ஏலாது ஐயா” என்று அக்கா சொன்னாள். “இவ்வளவு பெரிய பைப் போட்ட வண்டிக்கு ஏலாதோ!” என்று அவர் சிரித்தார். சத்தம்தான் பலம் என்று அவருக்கும் நினைப்பு. மெல்ல எடுத்தாள், என்ஜின் நின்றது. மறுபடியும் நின்றது. “முறுக்கு பிள்ளை, முறுக்கு!” என்று கரையே கத்தியது. முறுக்கினாள். வண்டி வெடுக்கென்று பாய, வள்ளம் கட்டையை விட்டுச் சரிந்தது. உதவிக்கு வந்து தோள்கொடுத்து நின்ற அயல்வீட்டு மனுசனின் கணுக்கால் முறிந்தது. அவருடைய சின்ன வள்ளமும் தண்ணீரில்தான் நின்றது.

“பொம்பிளை வண்டி ஓட்டினா இதுதான்” என்றார்கள். முறுக்கச் சொல்லிக் கத்திய அதே வாய்கள்! குழாயை யாரும் குறை சொல்லவில்லை. அதைப் பூட்டியவரையும், பூட்டச் சொன்னவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை வித்துப்போடு என்று கட்டாரிலிருந்து போன் வந்தது. அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். இழுக்கிற வேலை போனால் அவளுக்குச் சம்பாத்தியத்தில் பாதி போய்விடும். ஆனால் அவள் அழுதது அதற்காக இல்லை, அந்தக் காலுக்காக.

வண்டியை அவள் விற்கவில்லை. சீனன்குடாப் பக்கம் வேறொரு கராஜுக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வியே, “என்ன வேலைக்கு ஓடுறீங்கள் அக்கா?” என்பதுதான். யாருக்கும் போன் எடுக்கவில்லை. ஒடுக்கமான குழாய் ஒன்றை வளைத்துப் பூட்டினார், இன்ஜெக்டர்களைக் கழற்றித் துப்புரவாக்கினார், வால்வுகளையும் டீசல் பம்பையும் சரிபார்த்தார், டயர்களைப் பழைய அளவுக்கு மாற்றினார். வண்டியின் சத்தம் அடங்கியது.

அதற்குள் கடல் கெட்டுவிட்டது. தோள்கொடுத்துப் பார்த்து முடியாமல், வேறு வழியில்லாமல் கரைக்காரர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்றைக்குச் சரிந்து கிடந்த சம்மாட்டியாரின் வள்ளத்தைத்தான் முதலில் கட்டினார்கள். அக்கா கிளச்சை விட்டாள். ஒரு உலுக்கல் இல்லை. வள்ளம் கட்டைகளின் மேல் ஊர்ந்து மேட்டுக்கு வந்து நின்றது. சம்மாட்டியாரின் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களே, கட்டாரில இருந்தெண்டாலும் மனுசன் வண்டிய நல்லாச் செய்விச்சுக் குடுத்திருக்கிறார்.”

அக்கா என்ஜினை நிறுத்தினாள். இறங்கி வந்து வண்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். “ஓம் ஐயா. மற்ற வள்ளங்களை இழுக்கவும் அவரையே கூப்பிடுங்கோ.”

அலை வள்ளங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடைசியில் சம்மாட்டியாரே குனிந்து கயிற்றை எடுத்தார்.

“சொல்லு பிள்ளை, அடுத்து ஆரின்ர வள்ளத்தில கட்ட?”

“கால் முறிஞ்சு கிடக்கிறவரின்ரயில” என்றாள் அக்கா.