ஃபுல்லரின் பீப்பாயும் ஆரணிப் பட்டும்

என் மேனேஜரின் குடும்பப் பெயர் ஃபுல்லர். அதற்கு என்ன பொருள் என்று யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. டீமில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் எல்லோரையும் மதிய சாப்பாட்டுக்கு அழைத்துப் போய், நாங்கள் முதல் வாய் வைத்ததும் ஆரம்பித்துவிடுவார். இரண்டு வருடத்தில் ஆறு தடவை கேட்டுவிட்டேன்.

அந்தக் கால இங்கிலாந்தில், தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி பிசுக்கேறி, இழை தளர்ந்து கிடக்குமாம். அதைப் பீப்பாயில் போட்டு, நாள்பட்ட மூத்திரத்தை ஊற்றி, ஒருவர் உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். பிசுக்கு நீங்கித் துணி இறுகித் தடிக்கும். அந்த வேலையைச் செய்தவர் தென்கிழக்கில் ஃபுல்லர், மேற்கே டக்கர், வடக்கே வாக்கர். பெயர்தான் ஊருக்கு ஊர் மாறியது. பீப்பாயும் நாற்றமும் ஒன்றுதான். பிறகு மிதிக்கிற வேலையை ஆற்றுத் தண்ணீரில் ஓடும் சம்மட்டிகள் எடுத்துக்கொண்டன. ஃபுல்லரின் முன்னோர் கப்பலேறி பாஸ்டன் பக்கம் இறங்கி, விவசாயம் பார்த்து, தலைமுறைக்கு ஒரு மாநிலமாக நகர்ந்து, கடைசியில் டெக்சாஸில் வந்து நின்றார்கள். "மூத்திரம் மிதித்த பரம்பரையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்" என்று முடிப்பார். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் எரிச்சலாக இருக்கும்.

என் அலுவலக அட்டையில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஏதாவது போட்டாக வேண்டுமே என்று போட்டது. பள்ளிக்கூடத்தை வாசலோடு பார்த்த மனிதரின் பெயரை இங்கே எம்.பி.ஏ. படித்தவர்கள் தப்புத் தப்பாக உச்சரிக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெயரில் எங்கள் தொழில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கவும் தேவையில்லை. அதைக் கண்டுபிடிக்க நம் ஆட்களுக்கு நான்கு கேள்விகள் போதும்.

டெக்சாஸில் இந்த ரவுண்ட் ராக் ஊருக்கு நான் வந்த முதல் வாரத்தில் அந்தக் கேள்விகளை அக்கா கேட்டார். அக்கா என்றால் அலுவலகத்தில் எனக்கு சீனியர், மயிலாப்பூர்க்காரர். அபார்ட்மெண்ட் கிடைக்கும்வரை அவர் வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். இப்போதும் இரண்டு பேரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போகிறோம். தங்கமான மனுஷி. காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்.

"எந்த ஊர்மா?" என்றார் அன்று. ஆரணி என்றேன். "ஆரணியிலயே எங்க?" சொன்னேன். "நான்வெஜ் சாப்பிடுவியா?" சாப்பிடுவேன் என்றேன். "அப்பா என்ன பண்றார்?"

"துணி வேலை, அக்கா."

"ஆரணின்னா பட்டுதானே! சொந்தத் தறியா?"

இருபத்தெட்டு மணி நேரப் பயணம், தலை கிறுகிறுத்தது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. அந்தத் தலையாட்டலை அக்கா இரண்டு வருடமாக வளர்த்தார். ஒரு தறி பத்துத் தறியானது, பத்துத் தறி கடையானது. ஒவ்வொரு தடவையும் திருத்தலாம் என்று வாயெடுப்பேன். யாராவது உள்ளே வருவார்கள், அல்லது எனக்கே அலுப்பாக இருக்கும்.

இந்த மாதம் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக இங்கே வருகிறார்கள். போன வாரம் ஆறாவது முறையாகப் பீப்பாய்க் கதையைக் கேட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஃப்ரீவேயில் கார்கள் ஊர்ந்தன.

"எவ்ளோ ஓப்பனா சொல்றான் பாரு," என்றார் அக்கா. "நம்ம ஜனங்க இப்டி சொல்லுவாங்களா? அதுக்கெல்லாம் ஒரு கான்ஃபிடன்ஸ் வேணும்மா." அதே மூச்சில், "அப்பா வந்ததுக்கு அப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல பாட்லக் வெச்சிருக்கேன், வீட்டுக்கு ஒரு ஐட்டம் சமைச்சுக் கொண்டு வருவாங்க. எட்டு ஃபேமிலி. அப்புறம், புடவை லிஸ்ட் உனக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டேன். ஆளுக்கு ஒண்ணுதான். அப்பாவையே செலக்ட் பண்ணச் சொல்லு, அவருக்குத் தெரியாததா?"

மயில் கழுத்துக் கலர் இரண்டு, அரக்கில் பச்சை பார்டர் ஒன்று, கட்டம் போட்டது மூன்று என்று நீளமான பட்டியல். அதை வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். கடையில் எட்டுப் புடவை எடுக்க முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

எட்டா என்று அப்பா திருப்பிக் கேட்டார். பிறகு, "அங்க நம்மளப் பத்தி இன்னா சொல்லி வெச்சிருக்க பாப்பா?" என்றார்.

சொன்னேன்.

"சரி வுடு. இன்னா கேட்டா இன்னா சொல்லணும்னு சொல்லிக் குடு. மனப்பாடம் பண்ணிக்கறேன். உங்கம்மாவத்தான் வாயத் தொறக்காம இருக்கச் சொல்லணும்."

"அப்பா, அப்படியில்ல..."

"விசா ஆபீஸ்ல வெள்ளக்காரன் இன்னா தொழில்னு கேட்டான். இஸ்திரின்னேன். ஊர்த் துணி தொவைச்சு இஸ்திரி போட்டுத்தான் பொண்ணப் படிக்க வெச்சேன்னேன். சிரிச்சுக்கினே சரின்னுட்டான். இவங்க இன்னா அவனுக்கும் மேலயா?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொன்னால் என்ன செய்வது? வெள்ளைக்காரனிடம் சொன்னதை மகளின் சிநேகிதிகளிடம் மறைக்க, என் அப்பா இந்த வயதில் பாடம் படிக்க வேண்டுமாம். அதுவும் நான் வாத்தியாராக.

மறுநாள் காலை காரில் ஏறியதும், சீட் பெல்ட் போடும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அக்கா, எங்களுக்குத் தறி கிடையாது. அப்பா இஸ்திரி வண்டி வெச்சிருக்கார். அம்மா துணி துவைக்கிறாங்க. தாத்தா வீடு வீடாப் போய் அழுக்குத் துணி எடுத்தவர். அன்னிக்கே சொல்லியிருக்கணும், என் தப்பு."

அக்கா சாலையையே பார்த்து ஓட்டினார். நாங்கள் திரும்ப வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டோம்.

"அய்யோ, அதனால என்னம்மா," என்றார் கொஞ்சம் கழித்து. "நாங்க அதெல்லாம் பாக்கறதே இல்ல. எங்க வீட்ல அந்தப் பேச்சே வராது." இரண்டு சிக்னல் போனது. "ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு தோணுது. வீட்ல பண்றதுக்குப் பதிலா ஏதாவது ரெஸ்டாரண்ட் போயிடலாமா? பெரியவங்களுக்கும் சாய்ஸ் இருக்கும். எனக்கும் வேலை மிச்சம்."

நேற்றுவரை அவருக்கு அந்த வேலை பாரமாக இல்லை.

மதியம் காபி எடுக்கும்போது ஃபுல்லர் என் பெற்றோர் எப்போது வருகிறார்கள் என்று விசாரித்தார். வாய் கூச்சம் விட்டுப் போயிருந்ததால் அவரிடமும் அப்பாவின் தொழிலைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நாம் கசின்ஸ்!" என்று கை நீட்டினார். கை குலுக்கினேன். அவர் மேலும் எரிச்சல்தான். நல்ல மனிதர், ஆனால் அவருடைய பீப்பாய் கடலுக்கு அந்தப் பக்கமே உடைந்து, விறகாகிப் போய்விட்டது. அதன் மேல் ஏறி நின்று அவர் கதை சொல்லலாம். பாஸ்டனில் இறங்கிய அவருடைய முன்னோரிடம் எந்தத் தெரு, என்ன சாப்பாடு என்று யாரும் துருவியிருக்க மாட்டார்கள். பெயர் நெற்றியில் ஒட்டியிருந்தும் தொழிலை மறந்துவிட்டார்கள். எங்கள் பெயரில் தொழில் இல்லை. ஆனாலும் அது எங்களுக்கு முன்பே விமானம் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அக்காவுக்கும் ஃபுல்லருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு என் அபார்ட்மெண்டில், அம்மா சமையல், கட்டாயம் வர வேண்டும். பிறகு புடவைப் பட்டியலை அழித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"யார் கேட்டாலும் இஸ்திரின்னே சொல்லுங்க."

"நீ சொல்லாட்டாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சு மறந்து போயிருக்கும், எனக்கு எங்க மனப்பாடம் நிக்குது?" என்றார். "இஸ்திரிப் பெட்டிய எடுத்தாரவா? அங்க கரி கெடைக்குமா?"

"மூட்டை மூட்டையா கெடைக்கும். இங்க எல்லாரும் வீட்டுக்குப் பின்னாடி இறைச்சி சுட வாங்கறாங்க."

"அடப்பாவிங்களா, கரியில அதப் பண்றானுங்களா!" என்று சிரித்தார்.

ஃபுல்லர் ஒரே நிமிடத்தில் பதில் போட்டுவிட்டார், என்ன கொண்டு வரட்டும் என்று. அக்காவுக்குப் போன செய்தியில் இரண்டு நீல டிக் விழுந்து இன்றோடு மூன்று நாளாகிறது. தினமும் காலையில் அவர் காரில்தான் போகிறேன். வெயிலைப் பற்றிப் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவேன்.